திருந்திய பிறகா, திருந்துவதற்கு முன்பா? பாவம், மீட்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் அண்ணன் மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பார், தம்பி ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவார். கல்யாணமோ துக்கமோ, இருவரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். துக்க வீட்டில் போதகர் எழுந்து "நாம் எல்லாரும் பாவிகள்" என்று தொடங்கும்போதுதான் பின்வரிசையில் முகங்கள் மாறும். "நாற்பது வருசம் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கின மனுசன். அவரைப் போய்ப் பாவின்னு சொல்றாங்களே" என்று வெளியே வந்து பேசிக்கொள்வார்கள். அந்த மனவருத்தம் நியாயமானது. போதகர் சொன்ன சொல் ஒன்று, கேட்டவர் காதில் விழுந்த பொருள் இன்னொன்று.

துக்க வீட்டில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பழையபடி ஆரம்பிக்கலாம், அதுதானே உங்க மதம்?" என்று ஒருவர் கேட்பார். "குடியை விட்டுட்டான், அதனால கிறிஸ்தவனாயிட்டான்" என்பார் இன்னொருவர். "நல்லது செய், கெட்டது செய்யாதே, எல்லா மதமும் அதைத்தானே சொல்லுது" என்பது காப்பிக் கடை மேசையில் எல்லாரும் தலையாட்டும் வாக்கியம். சபைக்குள்ளே பல வருடம் உட்கார்ந்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

இயேசுவின் மூலம் கடவுள் மனிதரை மீட்கிறார் என்பதே கிறிஸ்தவர்கள் நற்செய்தி என்று சொல்வது. நான் இந்தச் செய்தியை நம்புகிறவன். அதை மறைத்துக்கொண்டு எழுதவில்லை. ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். குழப்பத்தில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறது: வரிசை தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மனிதன் முதலில் திருந்த வேண்டும், அப்புறம் கடவுள் அவனை ஏற்றுக்கொள்வார் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நற்செய்தி சொல்வது இதற்கு நேர் எதிரானது. எப்படி என்று மெதுவாகப் பார்ப்போம்.

பாவம் என்பது கெட்ட பழக்கங்களின் பட்டியலா?

பாவம் என்றதும் நமக்கு ஒரு பட்டியல் நினைவுக்கு வருகிறது. குடி, சூது, களவு, அடுத்தவர் மனைவி. இதையெல்லாம் செய்யாதவர் நல்லவர், செய்கிறவர் பாவி. இந்தக் கணக்குப்படி, ஒழுங்காக வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவரைப் பாவி என்று சொல்வது அவமானம்தான்.

வேதாகமம் இன்னும் ஆழமான இடத்தில் தொடங்குகிறது. எது முதன்மையான கட்டளை என்று இயேசுவிடம் கேட்டபோது, அவர் தடைகளின் பட்டியல் எதையும் தரவில்லை. முழு இருதயத்தோடும் கடவுளிடம் அன்புகூர வேண்டும், தன்னைப்போல் பிறனையும் நேசிக்க வேண்டும் என்றார் (மாற்கு 12:30, 31). அப்படியானால் அளவுகோல் அன்பு. பாவம் என்பது முதலில் அந்த அன்பின் திசை மாறிப்போவது. கடவுள் இருக்க வேண்டிய நடு இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வது. குடியும் களவும் அந்த நிலையிலிருந்து வரும் செயல்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இதை, தன்மேலேயே வளைந்து கிடக்கும் மனம் என்று வர்ணித்தார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வெளியே தெரியும் குற்றவாளியும் வெளியே தெரியாத நல்லவரும் ஒரே பக்கம் வந்து நிற்கிறார்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுச் சாராயம் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே குடிக்கும் தம்பியை மனுசனாக மதிக்க மாட்டார். லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை இதைப் பற்றியதுதான். பரிசேயன் ஒருவன், அதாவது யூத மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குழுவைச் சேர்ந்தவன், தன் நோன்பையும் காணிக்கையையும் கடவுளுக்கே நினைவூட்டுகிறான். வரி வசூலிப்பவன் ஒருவன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்கிறான். நீதிமானாக வீடு திரும்பியது இரண்டாமவன் என்று இயேசு முடித்தார்.

"எல்லாரும் பாவஞ்செய்து" என்று, தொடக்ககாலச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் எழுதியதற்கு (ரோமர் 3:23) எல்லாரும் ஒரே அளவுக்குக் கெட்டவர்கள் என்று பொருள் இல்லை. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவரின் உழைப்பு பொய் என்றும் பொருள் இல்லை. அவரும், அவர் பெட்டிக்கு முன்னால் நின்று பேசும் போதகரும், கடவுளுக்கு முன்னால் ஒரே தேவையில் நிற்கிறார்கள் என்பதுதான் பொருள். போதகர்கள் இதைத் தங்களையும் சேர்த்துச் சொன்னால், அதுவும் வேறொரு நாளில் சொன்னால், கேட்பவர்களுக்குப் பாதிக் காயம் இருக்காது.

சரி, இதுவரை சொன்னது இதுதான்: பாவம் என்பது அன்பின் திசை மாறிய ஒரு நிலை. தனித்தனிப் பாவங்கள் அதிலிருந்து முளைக்கின்றன. அதனால் செயல்களை மட்டும் நிறுத்துவதால் அந்த நிலை மாறிவிடுவதில்லை.

555 புத்தகம்

இனி மன்னிப்புக்கு வருவோம். இதற்கு ஓர் உதாரணம் தேவை. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம் நினைவிருக்கிறதா? தோட்டத்து மளிகைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மாவு, எல்லாம் எழுதி வாங்குவோம். சம்பளம் போட்டதும் கொண்டுபோய்க் கட்டுவோம். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாத மாதங்களில் கட்ட முடியாது. மீதி அடுத்த மாதத்துக்குப் போகும். அப்புறம் அதற்கு அடுத்த மாதம். ஒரு கட்டத்தில் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போகத் தொடங்குவோம். முன்பு வாசலில் நின்று கதை பேசிய கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. கடன் வெறும் எண் அல்ல, அது உறவையும் கெடுக்கிறது.

கடனோடே கப்பலேறியவர்களின் வாரிசுகள் நாம். முன்பணம் வாங்கி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு, அடைக்க முடியாத கடன் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இயேசுவும் பாவத்தைக் கடனாகவே பேசினார். அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி இருக்கிறது (மத்தேயு 6:12). மத்தேயு 18-இல் ஒரு கதையும் சொன்னார். ஓர் அரசனிடம் ஒரு வேலைக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. தாலந்து என்பது அந்தக் காலத்துப் பெரிய பண அளவு. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி வருகிறது. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 லட்சம் வருடம். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்" என்று அவன் கெஞ்சுகிறான். அது முடியாது என்பது கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அரசன் தவணை கொடுக்கவில்லை. முழுக் கடனையும் தள்ளுபடி செய்தான்.

"இனிமேல் நல்லவனாக இருந்து பழையதைச் சரிக்கட்டிவிடுகிறேன்" என்ற நினைப்புக்கு இந்தக் கதையில் பதில் இருக்கிறது. இனிமேல் ரொக்கமாகவே வாங்கினாலும் பழைய பக்கம் அப்படியேதான் இருக்கும். இன்று நேர்மையாக இருப்பது இன்றைய கடமை. அதில் மிச்சம் எடுத்து நேற்றைய கடனை அடைக்க முடியாது.

கடவுள் சும்மா மன்னித்துவிடக் கூடாதா?

இது நல்ல கேள்வி. பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வியை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தைரியமாகக் கேட்கிறார்கள். கடவுள் எல்லாம் வல்லவர். "போகட்டும், விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? எதற்கு ஒருவர் சிலுவையில் சாக வேண்டும்?

கடைக்குத் திரும்புவோம். ஒரு வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், கடன் 2,000 மலேசிய வெள்ளிக்கு ஏறிவிட்டது. கடைக்காரர் இரக்கப்பட்டு அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடுகிறார். இப்போது அந்த 2,000 வெள்ளி எங்கே போனது? அரிசி திரும்பி வரவில்லை, சாப்பிட்டாகிவிட்டது. மொத்தக் கடைக்காரருக்கு அவர் பணம் கட்டியே ஆக வேண்டும். அதைத் தன் சொந்தப் பையிலிருந்து கட்டுகிறார். வாங்கியவருக்கு இலவசம், மன்னித்தவருக்குச் செலவு. மன்னிப்பு என்றாலே யாரோ ஒருவர் அந்த இழப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் பொருள்.

பணம் இல்லாத விஷயத்திலும் இதேதான். உங்களைப் பற்றி ஒருவர் ஊரெல்லாம் பொய் பரப்பினார் என்று வையுங்கள். நீங்கள் பதிலுக்குப் பழி வாங்கினால் அவர் விலை கொடுக்கிறார். மன்னித்தால், போன மானத்தையும் தூங்காத இரவுகளையும் நீங்களே சுமக்கிறீர்கள். சும்மா கிடைக்கும் மன்னிப்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

"ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்வது மன்னிப்பே அல்ல. கூலி திருடப்பட்டவரிடமும், அடிபட்ட பெண்ணிடமும் போய், கடவுள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியுமா? அநீதியைப் பொருட்படுத்தாத கடவுள் அன்புள்ளவராக இருக்க முடியாது. ஆகவே இரண்டும் நடக்க வேண்டும்: தீமை தீமைதான் என்று தீர்ப்பாக வேண்டும், தீமை செய்தவனும் பிழைக்க வேண்டும்.

சிலுவையில் நடந்தது என்ன?

இப்போது மையத்துக்கு வந்துவிட்டோம். ரோமப் பேரரசின் சார்பில் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர் பொந்தியு பிலாத்து. அவருடைய ஆட்சிக் காலத்தில் எருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். ஏறத்தாழ கி.பி. 55-இல், அதாவது அது நடந்து இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குள், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் நற்செய்தியைச் சில வரிகளில் தருகிறார்: கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், பலருக்குக் காட்சி கொடுத்தார் (1 கொரிந்தியர் 15:3–8). நாம் செய்ய வேண்டியது எதுவும் இந்த வரிகளில் இல்லை. நடந்து முடிந்ததை மட்டுமே பவுல் அறிவிக்கிறார். மற்ற அறிவுரைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

"நம்முடைய பாவங்களுக்காக" என்பது எப்படி? கிறிஸ்தவ நம்பிக்கையின்படி இயேசு கடவுளே மனிதனாக வந்தவர். கடவுள்மீதும் பிறர்மீதும் முழு அன்போடு வாழ்ந்த ஒரே மனிதரும் அவர்தான். அவருடைய பக்கத்தில் கடன் எதுவும் எழுதப்படவில்லை. நம் பக்கத்தின் விளைவை அவர் தன்மேல் ஏற்றுக்கொண்டார். நமக்குப் பதிலாக நின்றார் என்பதால் இறையியலில் இதைப் பதிலாள் மரணம் என்கிறார்கள். கொலோசெயர் 2:14 நம் உதாரணத்துக்கு மிக அருகில் வருகிறது: நமக்கு எதிராக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் சீட்டை, கடவுள் எடுத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. சில பிரசங்கங்களைக் கேட்டால், கோபமாக இருக்கும் அப்பா, யாரையாவது அடித்தே தீர வேண்டும் என்று குறுக்கே வந்த அப்பாவி மகனை அடித்துவிட்டார் என்பது போலிருக்கும். அது நற்செய்தி அல்ல. கடன் கொடுத்தவர் வேறு, கட்டியவர் வேறு என்று பிரிக்கக் கூடாது. "கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:19). பக்கத்தைக் கிழித்ததும் கடைக்காரர்தான், பையிலிருந்து கட்டியதும் அதே கடைக்காரர்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். இதை விட்டுவிட்டால் சிலுவை ஒரு கொடூரக் கதையாகத்தான் தெரியும்.

உதாரணம் நம்மைக் கொண்டுவரும் தூரம் இவ்வளவுதான். கடன் அடைந்தவன் நாளைக்கே புதுக் கடன் வாங்கத் தொடங்கலாம். காகிதத்தைக் கிழித்தால் மனம் மாறாது, மரணமும் போகாது. அதனால்தான் உயிர்த்தெழுதல் இந்தச் செய்தியின் பாதியாக இருக்கிறது. இயேசு மரணத்தை வென்று எழுந்தார், அவரை நம்பிச் சேர்கிறவர்களுக்கு அந்தப் புதிய வாழ்வில் பங்கு உண்டு, பரிசுத்த ஆவியானவர் அவர்களுக்குள் வந்து தங்கி உள்ளிருந்தே மாற்றத் தொடங்குகிறார் என்று வேதாகமம் சொல்கிறது. பெரிய வெள்ளியை உருக்கமாக நினைத்துவிட்டு ஈஸ்டரை விருந்து நாளாக மட்டும் கழிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பாதிச் செய்தி.

சுருக்கமாக: பாவத்தின் இழப்பைக் கடவுளே கிறிஸ்துவில் ஏற்றுக்கொண்டார். உயிர்த்தெழுந்தவரின் வாழ்வு நம்முடையதாகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இரட்சிப்பு. கத்தோலிக்க வழிபாட்டில் மீட்பு என்று கேட்பீர்கள், இரண்டும் ஒன்றே.

அது எனக்கு எப்படிக் கிடைக்கிறது?

பவுல் ஒரு வரியில் இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறார். பாவத்தின் சம்பளம் மரணம், கடவுளுடைய கிருபைவரமோ நித்திய ஜீவன் (ரோமர் 6:23). பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வெட்டின பாலை நிறுத்துக் கொடுத்தால் சம்பளம். அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. வரம் அப்படி அல்ல. இப்படித் தகுதி பார்க்காமல் கடவுள் தரும் தயவுக்குத்தான் கிருபை என்று பெயர்.

அதை வாங்கும் கைதான் விசுவாசம். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசம் அல்ல, தைரியமாக இருப்பதும் அல்ல. என் நல்லதனத்தின்மேல் சாய்வதை விட்டு, கிறிஸ்து செய்து முடித்ததன்மேல் சாய்வது. கை பலவீனமாக இருக்கலாம், நடுங்கலாம். கொடுப்பவர் உறுதியானவராக இருந்தால் போதும். "என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளைக்குக் குணமாகவில்லை" என்று ஒரு தாய் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும்போது, விசுவாசத்தையே இன்னொரு சம்பள வேலையாக யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யப்பட்ட அநியாயம்.

விசுவாசத்தோடு கூட வருவது மனந்திரும்புதல். தப்பான திசையில் போனவன் திரும்பிக் கடவுளை நோக்கி நிற்பது. அழுவது அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படித் திரும்பியவனைக் கடவுள் குற்றமற்றவன் என்று அறிவிப்பதற்கு நீதிமானாக்கப்படுதல் என்று பெயர். அறிவிப்பு முதலில் வருகிறது. வாழ்க்கை அதற்கு ஏற்ப மாறுவது அப்புறம், பெரும்பாலும் மெதுவாக.

இந்த வரிசைக்கு சகேயுவின் கதையைவிட நல்ல சாட்சி இல்லை (லூக்கா 19:1–10). எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரை ஏய்த்துப் பணக்காரன் ஆனவன். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். "முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு சொல்லவில்லை. இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். ஊர் முணுமுணுத்தது. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று சகேயு எழுந்து சொன்னது அதற்குப் பிறகுதான். வீட்டுக்குள் வந்த அன்புதான் அவன் பணப்பையைத் திறந்தது.

அப்படியானால் எதையும் செய்யலாமா?

கிருபை இலவசம் என்றால் பாவத்தில் தொடரலாமே என்ற கேள்வியைப் பவுல் தானே எழுப்பிக் கூடவே கூடாது என்று பதிலும் சொல்கிறார் (ரோமர் 6). சகேயு நான்கு மடங்கு கொடுத்தது மன்னிப்புக்கு விலையாக அல்ல. ஆனால் ஒன்றுமே திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவன் இயேசுவை உண்மையில் ஏற்றுக்கொண்டானா என்று சந்தேகப்பட இடமிருக்கும். கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியது இதைத்தான். மன்னிக்கப்பட்டவர் நாளுக்கு நாள் கிறிஸ்துவைப் போல மாறிவரும் இந்த நீண்ட வேலைக்குப் பரிசுத்தமாகுதல் என்று பெயர்.

நம் ஊரில் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். சம்பளத்தைச் சம்சு சாராயத்தில் அழித்து, கேட்ட மனைவியை அடித்தவர் ஒருவர் ஒரு கூட்டத்தில் அழுது ஜெபிக்கிறார். மறுநாள் வீட்டில், "ஆண்டவரே என்னை மன்னிச்சிட்டார், நீ யாரு பழசைக் கேட்க?" என்கிறார். சபைப் பெரியவர்களும் "மன்னிச்சிடு தங்கச்சி" என்று அந்தப் பெண்ணையே நெருக்குகிறார்கள். இது நற்செய்தியைத் திருடிப் பயன்படுத்துவது. கடவுள் மன்னிப்பது, மனிதருக்குச் செய்த தீங்கை அழித்துவிடுவதில்லை. உண்மையாகத் திரும்பியவர் தன் தவறை மறைக்க மாட்டார், திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் திருப்பிக் கொடுப்பார், போலீஸ் புகார் வந்தால் எதிர்கொள்வார், நம்பிக்கை திரும்பி வர எத்தனை காலம் ஆனாலும் பொறுப்பார். அந்தப் பெண் மனத்தில் மன்னிக்கலாம், அதற்காக ஆபத்தான வீட்டில் தங்க வேண்டும் என்று எந்த வசனமும் கட்டாயப்படுத்தவில்லை.

மத்தேயு 18-இன் கதைக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. 2 லட்சம் வருடக் கூலி தள்ளுபடி ஆனவன் வெளியே வந்து, தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். 100 நாள் கூலி சின்னத் தொகை அல்ல. மற்றவர் நமக்குச் செய்த தீங்கு சின்னது என்று இயேசு சொல்லவில்லை. நமக்குத் தள்ளுபடி ஆனதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இதுவும் வினைப்பயனும் ஒன்றா?

நம் மக்கள் எளிதாகச் சேர்த்துப் பேசும் இடம் இது. வினைக் கொள்கைப்படி செய்தவன் அதன் பயனை அனுபவித்தாக வேண்டும், இந்தப் பிறவியில் இல்லாவிட்டால் அடுத்ததில். செயலுக்கு விளைவு உண்டு, அநீதி காற்றில் கரைந்துவிடாது என்ற அளவில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அருள் என்ற எண்ணமும் தமிழருக்குப் புதியதல்ல. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களை இறைவனின் திருவருளே நீக்குகிறது என்று சைவ சித்தாந்தம் பேசுகிறது. ஆகவே கிருபையைப் பற்றித் தமிழருக்கு ஒன்றும் தெரியாது என்பது போலப் பேசும் பிரசங்கியார்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வேறுபாடு இருக்கும் இடமும் தெளிவானது. கிறிஸ்தவத்தில் பிறவிச் சுழற்சி இல்லை, ஒரே வாழ்வு, அதன்பின் நியாயத்தீர்ப்பு. வினையின் பயனைச் செய்தவன் சுமக்காமல், கடவுளே மனிதனாகி, இன்ன ஆளுநர் காலத்தில், இன்ன ஊரில், ஒருமுறை சுமந்து முடித்தார் என்று அது உரிமை கோருகிறது. அந்தச் சம்பவம் நடக்கவில்லை என்றால் கிறிஸ்தவத்தில் மிஞ்ச ஒன்றும் இல்லை. பவுலே அப்படித்தான் எழுதினார்: கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் உங்கள் விசுவாசம் வீண் (1 கொரிந்தியர் 15:17).

சபைக்குள்ளிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நாற்பது நாள் உபவாசம் இருக்கிறேன், மகனுக்கு வேலை கொடும்" என்று பேரம் பேசும் ஜெபங்களை நாம் சாதாரணமாகச் செய்கிறோம். உபவாசம் நல்லது. விலையாகக் கொண்டுபோய் வைத்தால், மூடிய கணக்கை நாமே மறுபடி திறக்கிறோம்.

சபைகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்கின்றனவா?

பேராக் மாநிலத்திலேயே கத்தோலிக்க, மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல சபைகளில் தமிழர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவருக்கா, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, குருவிடமா நேரடியாகக் கடவுளிடமா என்பவற்றில் கருத்து வேறுபாடு உண்டு. நீதிமானாக்கப்படுதலைப் பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 16-ஆம் நூற்றாண்டில் கடுமையாகப் பிரிந்தார்கள். ஆனால் 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்ட் உலகப் பேரவையும் அதில் இணைந்தது. இந்தச் செய்தி நம் சபைகளில் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எங்கே தொடங்கிப் படிப்பது?

இது வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த மதம் என்று இன்னும் சொல்வார்கள். இதை முதலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆசிய யூதர்கள். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது 1715-இல். பக்கத்து ஊரான கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டது 1877 வாக்கில். தோட்டங்கள் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழர்கள் இதைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி வம்ச வரலாறுகளில் களைத்துப் போக வேண்டாம். மாற்கு நற்செய்தி நான்கில் மிகச் சிறியது, 16 அதிகாரங்கள், ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். பிறகு லூக்கா 15, 18, 19, 23 ஆகிய அதிகாரங்கள். 23-இல் சிலுவையில் தொங்கும் குற்றவாளி ஒருவன் வருகிறான். திருந்திக் காட்ட அவனுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை, இருந்தும் அன்றைக்கே பரதீசு, அதாவது விண்ணுலக வாழ்வு, வாக்களிக்கப்படுகிறது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடிப் பதில் அங்கே இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது எழும் சந்தேகங்களை எழுதி வைத்து, தெரிந்த போதகரிடமோ ஃபாதரிடமோ நேராகக் கேளுங்கள். "விசுவாசி, போதும்" என்று மட்டும் பதில் வந்தால், பொறுமையாக உட்கார்ந்து விளக்கும் இன்னொருவரைத் தேடிப் போங்கள்.